ஜெபக்கனி டீச்சரும் இருபத்திரண்டு வீட்டு வெந்நீரும்

புதன்கிழமை எங்கள் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நாள். அன்று காலை பத்தரை மணி இருக்கும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டேன். அப்போது கைப்பேசி அடித்தது. திரையில் ஜெபக்கனி டீச்சரின் கணவர் தேவசகாயம் சாரின் பெயர். அந்த நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட ஒரு காரணம்தான் இருக்க முடியும். எடுக்காமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எடுத்தேன்.

"சிஸ்டர், ஜெபா போயிட்டா," என்றார். "காலைல ஏழு மணிக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடக்கம். நீங்க வந்துருவீகல்ல?"

"வந்துருதேன் சார்," என்றேன். வெளியே இன்னும் பதினோரு குழந்தைகள் காத்திருந்தன. திறந்த மருந்துக் குப்பியை வைத்துவிட்டு எழுந்து போக எங்கள் வேலையில் வழியில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டு, அட்டையில் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். "என்ன சிஸ்டர், பிள்ளையத்தான குத்துனீக, நீங்க ஏன் அழுதீக?" என்று ஒரு தாய் கேட்டாள். சொன்னால் அவளும் அழுவாள். அவளுடைய வீடு டீச்சரின் இருபத்திரண்டு வீடுகளில் ஒன்று. கைக்குழந்தையோடு இருக்கிறாளே என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

பாலிடெக்னிக் மலருக்கு எழுதித் தரும்படி தேவசகாயம் சார் கேட்டதால் இதை எழுதுகிறேன். மலரைப் படிப்பவர்களில் பலர் டீச்சரிடம் படித்தவர்கள். மின்னியல் துறையில் இருபத்தாறு வருடங்கள் பாடம் நடத்திய ஜெபக்கனி டீச்சரை அவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முதல் வகுப்பிலேயே எர்த் கம்பியைப் பற்றி ஆரம்பித்து, கடைசி வகுப்பிலும் அதையே சொல்லி முடிப்பார் என்பதால் "எர்த் டீச்சர்" என்று அவருக்குப் பட்டப்பெயர் உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாத நாலு வருடங்கள் இருக்கின்றன. அதைத்தான் எழுத வேண்டும்.

சிவகாசிக்குத் தெற்கே என் பொறுப்பில் ஒரு காலனி இருக்கிறது. அநேகமாக எல்லா வீட்டிலும் பெண்கள் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து விடும். வந்து இறங்கும்போது தலைமுடி, காது மடல், நகக்கண், சேலை மடிப்பு எல்லாவற்றிலும் வெடிமருந்துத் தூசி இருக்கும். பச்சைத் தண்ணீருக்கு அது போகாது. வீட்டுக்கு முன்னால் மூன்று கல்லைக் கூட்டி, விறகு வைத்து, வெந்நீர் போட்டுக் குளித்தால்தான் போகும். தூசி படிந்த சேலையோடு அடுப்பு முன்னால் குனிய வேண்டும். அது என்ன ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி இல்லை.

டீச்சர் முதன்முதலில் என்னைத் தேடி வந்தது இதற்காகத்தான். ஒரு சனிக்கிழமை, தோளில் துணிப்பையோடு சுகாதார நிலையத்துக்குள் வந்தார். ஒல்லியான உருவம், நூல் சேலை, காலில் ஆண்கள் போடும் தோல் செருப்பு. "நான் பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் டீச்சர். அடுப்புல வெந்நீர் போடும்போது தீக்காயம் பட்டவங்க யாரையாவது நான் பாக்கணும். கூட்டிட்டுப் போவீகளா?" என்றார்.

முத்துமாரி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அதற்கு முந்தைய வருடம் அவளுடைய முந்தானையில் பொறி விழுந்து பற்றியது. உயிர் தப்பினாள், வலது கையில் மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கிவிட்டன. இடது கையால் வேலை பழகி மறுபடியும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். டீச்சர் அவளிடம் காயத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வேன் வந்து விடும், எத்தனை குடம் தண்ணீர் சுட வைப்பாய், அது சுட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்றாள் முத்துமாரி.

"நீ வீட்டுல இல்லாத நேரத்துல தண்ணி தானா சுடணும். அதுக்கு."

முத்துமாரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ ஒரு பாவம், வெயிலில் அலைந்து இப்படிப் பேசுகிறார் என்ற சிரிப்பு.

விஷயம் இதுதான். வெளியூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று பாலிடெக்னிக்கோடு சேர்ந்து ஒரு சோதனைத் திட்டம் கொண்டுவந்திருந்தது. எனக்குப் புரியும்படி டீச்சர் சொன்னது: நம் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எங்கு பார்த்தாலும் சூரிய மின்தகடுகள். மத்தியானம் கரண்ட் தேவைக்கு மேலே இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுகிறார்கள், கரண்ட் போதவில்லை. மத்தியானக் கரண்டை எடுத்து வைக்க பெரிய பேட்டரி வாங்க முடியாது. ஆனால் தண்ணீரைச் சுட வைத்து, சூடு போகாமல் மூடி வைத்தால் அதுவும் ஒரு சேமிப்புதான். ஒவ்வொரு வீட்டுத் தொட்டியோடும் ஒரு சிறிய பெட்டி இருக்கும். மின்கட்டமைப்பில் கரண்ட் தாராளமாக இருக்கிறது என்று நிறுவனத்தின் கணினியிலிருந்து கட்டளை வரும்போது பெட்டி தொட்டியை இயக்கும். தட்டுப்பாடு என்றால் நிறுத்திவிடும்.

"அந்தப் பெட்டிக்குக் காது இருக்கு சிஸ்டர்," என்றார் டீச்சர். "எப்ப கேக்கணுமோ அப்பக் கேக்கும்."

நிறுவனத்தார் அதை விருதுநகரில் வசதியான தெருக்களில் வைக்கத்தான் திட்டமிட்டிருந்தார்கள். அந்த வீடுகளில் குழாயும் குளியலறையும் நல்ல வயரிங்கும் இருந்தன. டீச்சர் ஒப்பவில்லை. பேச்சுவார்த்தையின்போது நானும் ஓர் ஓரமாக இருந்தேன். காரில் வந்த அதிகாரி, "காலனியில் குழாயே இல்லையே மேடம், தொட்டிக்குத் தண்ணீர் எப்படி ஏறும்?" என்று கேட்டார்.

"குடத்துல மொண்டு ஊத்துவாங்க சார். அதுக்கு ஏத்தாப்ல தொட்டிய மாத்துவோம். டவுன்ல மத்தியானம் சுட்ட தண்ணிய ராத்திரி வரைக்கும் தொடக்கூட ஆள் இருக்காது. இவங்களுக்கு மத்தியானம் சுட்டா சாயங்காலம் வேணும். உங்க திட்டத்துக்கும் இவங்க வேலை நேரத்துக்கும் ஆண்டவரே பொருத்தம் பாத்து வச்ச மாதிரி இருக்கு."

அவர் பிடிவாதம் வென்றது. இருபத்திரண்டு வீடுகள். மேலே வாயகன்று, குடத்தால் ஊற்றிக் கீழே குழாயில் பிடிக்கும் தொட்டியை டீச்சரே வரைந்து கொடுத்தார். சுற்றிலும் சூடு போகாத பஞ்சு. உள்ளே இஸ்திரிப் பெட்டி இழுக்கும் கரண்டைவிடக் குறைவாக இழுக்கும் ஹீட்டர் காயில். மெதுவாகத்தான் சுடும், ஆனால் அன்று முழுக்க ஆறாது. தனக்குத் திருப்தியாகும் வரை ஒரு வீட்டுக்கும் அவர் இணைப்புக் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு எர்த் குழிகளுக்கும் அவரே நின்று கரியும் உப்பும் போடச் செய்தார். கரிசல் மண் கோடையில் வெடித்துக் காய்ந்துபோகும், காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. அதனால் பிறகு அவர் காலனிக்குள் நுழைந்தாலே, "சாப்பிட்டீகளா" என்று கேட்பதற்குப் பதிலாக, "எர்த்துக்குத் தண்ணி ஊத்துனீகளா?" என்றுதான் கேட்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பெட்டியில் கையால் போடும் சுவிட்ச் ஒன்று வேண்டும் என்று டீச்சர் கேட்டார். கட்டளை வராவிட்டால் பெட்டி அணைந்தே இருக்கும்படி அமைத்திருந்தார்கள். "ஆளாளுக்குச் சுவிட்ச் போட்டால் எங்கள் புள்ளிவிவரம் கெட்டுவிடும்," என்று அதிகாரி மறுத்தார். டீச்சர் இன்னொரு தடவை கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்போது எங்கள் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

முதல் நாள் சாயங்காலத்தை மறக்க முடியாது. வேன் வந்தது. முத்துமாரி இறங்கினாள், வீட்டுக்குள் போனாள், குழாயைத் திருகிக் கையை நீட்டினாள். "ஆத்தாடி!" என்று கையை உதறினாள். அடுத்தடுத்த வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கச் சோப்பு வாசனை. ஒரு வீட்டு வாசலில்கூடப் புகை இல்லை.

"எங்க வீட்டுக்காரரு பேச்சக்கூடக் கேக்காத கரண்டு," என்று ஈரத் தலையோடு வந்து நின்றாள் முத்துமாரி, "எங்கனயோ இருக்கவன் சொன்னாக் கேக்குதே டீச்சர்!"

டீச்சர் அன்று சிரித்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

இரண்டு வருடங்கள் அப்படிப் போயின. நல்ல காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பிரசவமான வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்ட அக்கம்பக்கத்துத் தொட்டிகளிலிருந்து வெந்நீர் வந்தது. விறகு பொறுக்கக் காட்டுக்குப் போவது நின்றது. அந்த இரண்டு வருடங்களில் அந்தக் காலனியிலிருந்து அடுப்புத் தீக்காயம் என்று ஒருவரைக்கூட நான் ஆம்புலன்ஸில் ஏற்றவில்லை. நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் முத்துமாரி டீச்சருக்குப் போன் செய்தாள். "டீச்சர், தண்ணி பச்சத்தண்ணியா இருக்கு." கொஞ்ச நேரத்தில் இன்னொரு வீடு. பிறகு இன்னொன்று. மறுநாள் டீச்சர் வந்து பார்த்தார். கம்பி சரி, காயில் சரி, எர்த் சரி. இருபத்திரண்டு பெட்டிகளும் நன்றாகத்தான் இருந்தன. கட்டளைதான் வரவில்லை. திட்டக் காலம் முடிந்துவிட்டது. எங்கோ தொலைவில் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்த கணினியை நிறுத்திவிட்டார்கள்.

டீச்சர் கடிதம் எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று இரண்டு வரி. மறுபடியும் எழுதினார். கட்டளை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, பெட்டியைத் திறந்து மாற்றியமைக்க அனுமதி கொடுங்கள் என்று கேட்டார். பெட்டிகள் முத்திரையிட்டவை, நிறுவனத்தின் உடைமை. திறப்பதில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவருக்கு இருந்தது. பெட்டி இல்லாமல் நேரடியாக இணைத்தால் சாயங்காலம் வந்ததும் இருபத்திரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் போடுவார்கள். அந்தத் தெருவின் மெல்லிய வயர் தாங்குமா?

"உடைச்சிரலாமா சிஸ்டர்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

நான் அரசு வேலையில் இருப்பவள். அனுமதி இல்லாமல் ஒரு காரியம் செய்தால் என்ன ஆகும் என்றுதான் என் புத்தி போகும். "கொஞ்சம் பொறுங்க டீச்சர், பதில் வந்துரும்," என்றேன். நான் சொன்னது இதுதான். மறைக்க விரும்பவில்லை.

நாலு மாதம் பொறுத்தோம். வாசல்களில் மூன்று கல் அடுப்பு திரும்பி வந்தது.

தீபாவளிக்கு முந்தைய சீசன் அது. ஆர்டர் நெருக்கடி; பெண்கள் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தார்கள். செல்வி என்று ஒருத்தி, ஐந்தாவது வீட்டுக்காரி, இருபத்தாறு வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அவளுடைய மகளுக்கு எல்லா ஊசியும் நான்தான் போட்டேன். அன்று தூறல். விறகு நமத்துப்போயிருந்தது. குனிந்து ஊதியிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முத்துமாரி அவளைச் சாக்கால் போர்த்தித் தரையில் கிடத்தியிருந்தாள். என் பையில் இருந்தவை காய்ச்சல் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, கட்டுத் துணி. சுத்தமான துணியை நனைத்துப் போர்த்தினேன். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தேன். என் இருபது வருடப் படிப்பும் வேலையும் அந்த அரை மணி நேரத்தில் அவ்வளவுதான். செல்வி பேசிக்கொண்டுதான் இருந்தாள். "பாப்பாவ இங்கிட்டு வர விடாதீக சிஸ்டர்," என்றாள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கே இருந்தவர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். பத்தாம் நாள் கொண்டுவந்துவிட்டார்கள்.

துக்கத்துக்கு டீச்சர் வந்தார். யாராவது தன்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தார் என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்வியின் கணவன் பாண்டி, அச்சகத்தில் வேலை பார்ப்பவன், எழுந்து வந்து அவருக்கு நாற்காலி போட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "தண்ணி சுட்டிருந்துச்சுன்னா அவ அடுப்புப் பக்கமே போயிருக்க மாட்டா டீச்சர்."

அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். டீச்சர் உட்காராமலே நின்றார்.

அந்த வாரச் சனிக்கிழமையே இருபத்திரண்டு பெட்டிகளின் முத்திரையையும் டீச்சர் உடைத்தார். தன் கையாலேயே உடைத்தார். உடன் வந்த எலக்ட்ரீசியனைத் தொட விடவில்லை. "கேஸ் வந்தா என் பேருல வரட்டும்," என்றார். ஒவ்வொன்றிலும் ஒரு டைமர் கடிகாரத்தைப் பொருத்தி, காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்று வரை ஓடும்படி வைத்தார். உடைத்த விவரத்தை நிறுவனத்துக்கும் எழுதிப் போட்டார். அதற்குப் பதிலே வரவில்லை. கேட்பாரில்லாத ஒரு முத்திரைக்காகத்தான் நாலு மாதம் காத்திருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

தண்ணீர் மறுபடியும் சுட்டது. ஆனாலும் பழைய மாதிரி இல்லை. கரண்ட் போனால் கடிகாரமும் நின்றுவிடும். வந்த பிறகு நின்ற இடத்திலிருந்து ஓடும். பத்து நாளில் மத்தியானம் சுட வேண்டியது சாயங்காலம் சுட ஆரம்பித்துவிடும். "இது வெறும் கடிகாரம் சிஸ்டர், இதுக்குக் காது கிடையாது," என்பார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிக் காலனிக்கு வருவார். வீடு வீடாகப் போய்க் கடிகாரத்தைத் திருத்துவார். ஐந்தாவது வீட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் இருப்பார். பாண்டியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். டீச்சர் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவுவார்.

அடுத்து உப்பு. எங்கள் பக்கத்துத் தண்ணீர் எதையும் விட்டுவைக்காது. காயில் மேல் உப்பு பாறையாகப் படிந்து, உள்ளே சூடு தாங்காமல் காயில் தீய்ந்துபோகும். அந்த அளவுக் காயில் கடையில் கிடைக்கவில்லை. இந்தத் திட்டத்துக்கென்றே செய்தவை. மதுரையில் அலைந்தார், கோயம்புத்தூருக்கு எழுதினார். ஓய்ந்துபோன தொட்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் போட்டார். இருபத்திரண்டு, பதினேழாயிற்று. பதினேழு, பதினொன்றாயிற்று. எந்த வீட்டுத் தொட்டியை நிறுத்தி எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று அவர் தெருவில் நின்று யோசித்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

போன சித்திரையில் வயிற்று வலி என்று போனவருக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். பரவிவிட்டது. ரிப்போர்ட்டை என்னிடம்தான் முதலில் கொடுத்தார். "நீங்க நர்சு, பொய் சொல்லாம வாசிச்சுச் சொல்லுங்க." வாசித்தேன். பொய் சொல்ல நினைத்தேன். என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. "சரி," என்று வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்கு எட்டு நாள் முன்னால். வீட்டில், கட்டிலில். வலி மருந்தின் மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், அந்தச் சுவிட்ச் வேணும்னு நான் ரெண்டு தடவதான் கேட்டேன். மூணாவது தடவ கேட்டிருக்கணும்."

"நான்தான டீச்சர் பொறுக்கச் சொன்னேன்," என்றேன்.

அவர் தலையை அசைத்தார். இல்லை என்கிறாரா, ஆமாம் என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கொஞ்சம் கழித்து, "இப்ப எத்தன வீட்டுல ஓடுது?" என்றார்.

ஆறு வீட்டில் ஓடியது. "ஒம்போது வீட்டுல ஓடுது டீச்சர்," என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. கண்ணை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை விருதுநகர் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் அவரிடம் படித்தவர்கள் கூட்டம். இப்போது பெரிய பெரிய வேலைகளில் இருக்கிறவர்கள். டீச்சரை வெள்ளைச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். முகம் மிகவும் சிறுத்துவிட்டது. தேவசகாயம் சார் தலைமாட்டில் உட்கார்ந்து, யார் வந்தாலும் எழுந்து எழுந்து கும்பிட்டார். போதகர் ஜெபித்தார். ஐந்து மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. காலனிப் பெண்கள். சேதி எப்படியோ அங்கேயும் போயிருக்கிறது. சீசன் நேரத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக விடச் சொல்லி மேஸ்திரியிடம் மன்றாடி, நேரே கம்பெனியிலிருந்து வந்திருந்தார்கள். உள்ளே வரலாமா என்று தயங்கி வாசலிலேயே நின்றவர்களைத் தேவசகாயம் சார் போய்க் கூட்டி வந்தார். ஒவ்வொருத்தியாகக் குனிந்து மண் போட்டார்கள். முத்துமாரி இடது கையால் போட்டாள். "டீச்சர், அங்கனயாவது செத்த நேரம் உக்காருங்க," என்றாள்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். போகிறபோது முத்துமாரி என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சிஸ்டர், எங்க வீட்டுத் தொட்டியும் நேத்திலருந்து சுடல. இனிமே யாருக்குப் போன் போடணும்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே நின்றிருந்த அத்தனை இன்ஜினியர்களையும் பார்த்தேன். யார் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை. "சொல்லுதேன் முத்துமாரி," என்று மட்டும் சொன்னேன். அவள் அதை நம்பித் தலையாட்டிவிட்டுப் போய் வேனில் ஏறினாள். வேன் திரும்பிச் சாத்தூர் ரோட்டில் மறைகிறவரை நின்றேன். அவர்கள் போய் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அதற்கப்புறம் அடுப்பு மூட்ட வேண்டும்.

டீச்சர், முத்துமாரிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. போய் வாருங்கள்.